விசா கட்டணம்: காசு போய்ச் சேர்ந்த வழிகள்

மங்களூர் என்றதும் எல்லோருக்கும் கர்நாடகத்து மங்களூர்தான் நினைவுக்கு வரும். அங்கே துறைமுகம் இருக்கிறது, விமான நிலையம் இருக்கிறது. இது வேறு மங்களூர். கடலூர் மாவட்டத்தில், பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கிற ஊர். 1993 வரை இது தென்னார்க்காடு மாவட்டம். மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற பூமி. கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. ஆனாலும் இந்தப் பக்கத்து ஆட்கள் பஸ் ஏறி, ரயில் ஏறி, கடல் கடந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்படி ஒரு ஊரிலிருந்து ஒருவர் வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபாரத்தை பிரவுசிங் சென்டரிலேயே நிரப்பிவிடலாம். சிக்கல் வருவது கட்டணத்தில். வேறொரு நாட்டு அரசாங்கத்தின் கணக்குக்கு, வேறொரு நாட்டு நாணயத்தில், குறித்த நாளுக்குள் காசு போய்ச் சேர வேண்டும். கட்டணம் எவ்வளவு என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். கடைசியில் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்பது, காசு எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்தது.

இது கிரெடிட் கார்டு வந்த பிறகு முளைத்த பிரச்சினை அல்ல. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கடல் கடக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே இருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

விசா இல்லாத காலம், கட்டணம் இருந்த காலம்

19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக்குப் போக விசா கிடையாது. காப்பித் தோட்டம், பிறகு தேயிலைத் தோட்டம். தோட்டத்துரைக்கு ஆள் வேண்டும். கங்காணி ஊருக்கு வருவார், ஆள் சேர்ப்பார், முன்பணம் கொடுப்பார். வழிச்செலவு, சாப்பாடு, ஊரில் இருந்த பழைய கடனைத் தீர்க்கக் கொடுத்தது என்று எல்லாமே அந்த முன்பணத்தில் அடக்கம். போகிறவர் கையிலிருந்து ஒரு காசும் செலவில்லை! பார்ப்பதற்கு இதைவிட மலிவான பயணம் வேறு கிடையாது.

ஆனால் தோட்டத்தில் கால் வைத்த அன்றே அவர் பெயரில் ஒரு கடன் கணக்கு தொடங்கிவிடும். சம்பளத்தில் பிடித்தம். கணக்கை எழுதுகிறவர் கங்காணி. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இந்த ஆட்களின் கடனை இன்ன தொகைக்குத் தீர்த்தால் விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டம் எழுதிக்கொடுக்கிற சீட்டு அது. புதிய துரை அந்தத் தொகையைக் கட்டினால் ஆள் மாறும், கடனும் கூடவே மாறும்.

1900களின் தொடக்கத்தில் தகர டிக்கெட் முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த ஒரு தகர வில்லையைத் தொழிலாளி கழுத்தில் கட்டிக்கொள்வார். அதைக் காட்டினால் வழியில் ரயிலும் கப்பலும் சாப்பாடும் கிடைக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். அங்கிருந்து கங்காணியின் கணக்கு, கங்காணியிடமிருந்து தொழிலாளியின் கணக்கு. இன்றைக்கு ‘இப்போது வாங்குங்கள், பிறகு கட்டுங்கள்’ என்று விளம்பரம் செய்கிறார்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். துண்டு முறையை 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

மலாயாவில் ஏற்பாடு வேறு மாதிரி போயிற்று. 1907-ல் அங்கே தமிழர் குடிவரவு நிதி என்று ஒன்றை உண்டாக்கினார்கள். இந்தியத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்குகிற ஒவ்வொரு முதலாளியும், எத்தனை ஆட்கள் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்ற கணக்குப்படி இந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வருகிறவர்களின் கப்பல் செலவை அந்த நிதி ஏற்றுக்கொண்டது. இதனால் பயணச் செலவு தொழிலாளியின் தலையில் கடனாக ஏறவில்லை.

தோட்டக்காரர்கள் தர்மத்துக்காக இதைச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்தது, ஆள் தேவைப்பட்டது. ஒரு தோட்டம் செலவு செய்து கொண்டுவந்த ஆளை இன்னொரு தோட்டம் இழுத்துக்கொண்டு போவது தினசரிச் சண்டையாக இருந்தது. எல்லோரும் சேர்ந்து கட்டினால் அந்தச் சண்டை இல்லை. காரணம் எதுவானாலும் ஒரு விஷயம் அப்போதே நிரூபணமாகிவிட்டது: பயணக் கட்டணத்தை வேலை கொடுக்கிறவன் கட்டவும் முடியும். கூலியும் வாழ்க்கையும் கடினமாகவே இருந்தன; ஆனால் கடலைத் தாண்டியதற்கான கடன் மட்டும் இல்லை. இப்படி உதவி பெற்றுப் போகும் தொழிலாளர் பயணத்தை 1938-ல் இந்திய அரசே நிறுத்தியது.

முத்திரை வந்தது, டாலர் போனது

முதல் உலகப் போர்தான் பாஸ்போர்ட்டைச் சாதாரண ஆட்களின் வாழ்க்கைக்குள் கொண்டுவந்தது. 1920-ல் இந்தியாவில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, அதுவரை பக்கத்து ஊர் மாதிரி இருந்த இடங்கள் எல்லாம் வெளிநாடாயின. இலங்கை 1948-ல் குடிவருவோர், குடியகல்வோர் சட்டத்தை நிறைவேற்றியது. மலாயாவின் கடுமையான குடிவரவுச் சட்டம் 1953-ல் அமலுக்கு வந்தது. சும்மா கப்பல் ஏறிப் போன தலைமுறையின் பிள்ளைகள், முத்திரைக்காக வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள்.

அதே சமயத்தில் இந்தியா அந்நியச் செலாவணிக்குப் பூட்டுப் போட்டது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் 1947-ல் வந்தது. 1973-ல் அதைவிடக் கடுமையான சட்டம் வந்தது. கையில் ரூபாய் இருந்தாலும் அதை டாலராக மாற்ற ரிசர்வ் வங்கியின் விதி இடம் கொடுக்க வேண்டும். 1960களில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர்கள் சட்டைப்பையில் 8 டாலரோடு விமானம் ஏறிய கதையை இப்போதும் சொல்வார்கள். அது கதையல்ல, அன்றைய விதி அப்படி.

அதற்கு மேல் ரூபாயின் மதிப்பும் சரிந்தது. 1966 ஜூன் 6-ஆம் தேதி ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசானது. 100 டாலர் கட்ட வேண்டியிருந்தவருக்கு முதல் நாள் வரை 476 ரூபாய். மறுநாள் 750 ரூபாய். கட்டணத்தை யாரும் ஏற்றவில்லை. ஆனாலும் 274 ரூபாய் ஏறிவிட்டது.

இந்தக் காலத்தில் மலிவான வழி என்று ஊரில் பேசப்பட்டது ஒன்றுதான்: வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர். சிங்கப்பூரில் இருக்கிற மாமா அங்கேயே கட்டிவிடுவார், இங்கே அவர் வீட்டில் ரூபாயைக் கொடுத்துவிடலாம். தரகும் இல்லை, வங்கியும் இல்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பணம் புரட்டிய உண்டியல் முறையின் சின்ன வடிவம்தான் இது. ஒரு காலத்தில் கௌரவமான வியாபாரமாக இருந்தது, செலாவணிச் சட்டம் வந்த பிறகு குற்றமாகிவிட்டது. 2000-ல் அமலுக்கு வந்த ‘ஃபெமா’ சட்டத்திலும் இந்த இடம் மாறவில்லை. சொந்தக்காரர் அன்பளிப்பாகக் கட்டிக்கொடுத்தால் அது ஒன்று. அதற்கு ஈடாக இங்கே ரூபாய் கைமாறினால் அது வேறு.

டிடி காலம்

1990களில் வெளிநாட்டுப் படிப்பும் கம்ப்யூட்டர் வேலையும் பரவலான பிறகு, விசா கட்டணம் என்றால் டிடி என்று ஆயிற்று. பல தூதரகங்கள் டிமாண்ட் டிராஃப்ட் கேட்டன. வங்கியில் சலான் நிரப்பி, கமிஷன் கட்டி, தூதரகத்தின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதி வாங்க வேண்டும். பெயரில் ஒரு எழுத்து தப்பினால் ரத்து செய்ய ஒரு கட்டணம், திரும்ப எடுக்க ஒரு கட்டணம். அந்த டிடிக்கு ஆயுள் 6 மாதம். 2012 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி அதை 3 மாதமாகக் குறைத்தது.

மங்களூர்ப் பக்கத்து ஆளுக்கு இதில் இன்னொரு கட்டணமும் உண்டு. அது எந்தப் பட்டியலிலும் இருக்காது. விருத்தாசலத்துக்குப் போக ஒரு நாள், சென்னைக்குப் போக ஒரு நாள், பஸ் செலவு, சாப்பாடு, அன்றைக்குப் போன கூலி. டிடி கமிஷன் 50 ரூபாய் என்றால், அந்த டிடியைக் கையில் வாங்க ஆகிற செலவு அதைப்போலப் பல மடங்கு.

இந்த அலைச்சலிலிருந்துதான் ஒரு புதிய தொழிலே பிறந்தது. 2001-ல் மும்பையில் வி.எஃப்.எஸ். நிறுவனம் அமெரிக்க விசா விண்ணப்பங்களை வாங்கிக்கொடுக்கும் வேலையோடு தொடங்கியது. இன்று அது உலகம் முழுக்கப் பல அரசாங்கங்களுக்கு இதே வேலையைச் செய்கிறது. 2000களில் அமெரிக்க விசா கட்டணத்தை எச்.டி.எஃப்.சி. வங்கிக் கிளைகளில் ரூபாயில் கட்டி ரசீது வாங்கும் முறை இருந்தது. 2012 செப்டம்பரில் அதுவும் மாறி, வங்கிக் கணக்கிலிருந்தே மின்னணு முறையில் செலுத்தலாம் என்றானது. சென்னைக்கு ஒரு தடவை போய்வருகிற செலவு இப்படிக் குறைந்தது. விசா கட்டண வரலாற்றில் சாதாரண ஆட்களுக்குக் கிடைத்த பெரிய தள்ளுபடி என்றால் அதுதான்.

ஒரே மாணவர், இரண்டு கட்டணம்

அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவர் இரண்டு கட்டணம் கட்ட வேண்டும். ஒன்று விசா விண்ணப்பக் கட்டணம். 2023 ஜூன் 17 முதல் அது 185 டாலர். இன்னொன்று ‘செவிஸ்’ கட்டணம், அதாவது வெளிநாட்டு மாணவர்களைக் கண்காணிக்கிற கம்ப்யூட்டர் அமைப்புக்கான கட்டணம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு முழுவீச்சில் வந்த அமைப்பு அது. அதன் செலவைக் கண்காணிக்கப்படுகிற மாணவர்களிடமே வசூலிக்கிறார்கள்!

செவிஸ் கட்டணம் 2004 செப்டம்பர் 1-ல் 100 டாலராகத் தொடங்கியது. 2008 அக்டோபரில் 200 டாலர். 2019 ஜூன் 24 முதல் பெரும்பாலான மாணவர்களுக்கு 350 டாலர். டாலர் கணக்கில் மூன்றரை மடங்கு. ஆனால் 2004-ல் டாலர் சுமார் 45 ரூபாய், 2019-ல் சுமார் 70 ரூபாய். ரூபாய்க் கணக்கில் 4,500-லிருந்து 24,000-க்கும் மேல். ஐந்து மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

இரண்டும் ஒரே நாட்டுக்குத்தான் போகின்றன, ஆனால் வழி வேறு. விசா கட்டணத்துக்குத் தூதரகமே ஒரு மாற்று விகிதத்தை நிர்ணயித்து ரூபாயில் கேட்கிறது. உள்நாட்டு வங்கிக் கணக்கிலிருந்து நெஃப்ட் மூலம் கட்டலாம். சேமிப்புக் கணக்கிலிருந்து இணையம் வழியாகச் செய்யும் நெஃப்டுக்கு 2020 ஜனவரியிலிருந்து கட்டணம் கிடையாது. எனவே சொன்ன தொகையோடு முடிந்துவிடும்.

செவிஸ் கட்டணம் டாலரில். 2004-ல் இதைக் கட்டுவது தனி வித்தை. சர்வதேச கார்டு வைத்திருந்தவர்கள் குறைவு. அமெரிக்க வங்கியின் மேல் எழுதப்பட்ட டாலர் டிடி எடுத்துக் கூரியரில் அனுப்பலாம், ஆனால் செலாவணி அனுமதி பெற்ற கிளையில்தான் அது கிடைக்கும். வெஸ்டர்ன் யூனியன் மூலம் கட்டும் வழியும் வந்தது. தனிநபர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்ததும் அதே 2004-ல்தான்.

இன்று பெரும்பாலோர் கட்டுவது கார்டில். இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 350 டாலருக்கு 31,500 ரூபாய். பல வங்கிகளின் கிரெடிட் கார்டுகள் வெளிநாட்டு நாணயச் செலவுக்கு 3.5 சதவீதம் கூடுதலாக வாங்குகின்றன. அது 1,102 ரூபாய் 50 காசு. அந்தக் கூடுதல் தொகையின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 198 ரூபாய். மொத்தம் 1,300 ரூபாய் அதிகம். கூடுதல் 2 சதவீதம் உள்ள கார்டானால் வரியோடு சேர்த்து சுமார் 743 ரூபாய். கூடுதலே வாங்காத கார்டுகளும் இருக்கின்றன. ஆனால் ஆண்டுக் கட்டணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மலிவு என்று சொல்ல முடியும்.

சில வெளிநாட்டு இணையதளங்களில் பணம் கட்டும்போது, ‘உங்கள் நாட்டு நாணயத்திலேயே கட்டலாமே’ என்று ஒரு கேள்வி வரும். ரூபாயில் தொகையைப் பார்த்ததும் நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது எதிர்ப்பக்கம். பெரும்பாலும் அது கார்டு நிறுவனத்தின் விகிதத்தைவிட மோசமாகவே இருக்கும். கேட்கப்பட்ட நாட்டு நாணயத்திலேயே கட்டுவதுதான் வழக்கமாகக் குறைந்த செலவு.

விசா கிடைக்காவிட்டாலும் விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது வழியில் போன 1,300 ரூபாயும் போனதுதான்.

கட்டவே வேண்டாத கட்டணம்

மாணவர்கள் கதை இது. கடலூர் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வேலைக்காக வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களின் கதை வேறு. அங்கே வேலை விசாவுக்கு விண்ணப்பிப்பவர் தொழிலாளி அல்ல, முதலாளி. கட்டணமும் முதலாளியுடையது. ஐக்கிய அரபு எமிரேட்ஸின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஆள் எடுக்கும் செலவை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று சொல்கிறது. இந்தியாவில் 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஏஜென்ட் மட்டுமே ஆள் அனுப்பலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். போகிறவர் எடுக்க வேண்டிய பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டுக்கு 2017-ல் நிர்ணயித்த பிரீமியம் 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய்.

சட்டப்படியான தொகைகள் இவ்வளவுதான். ஆனால் ஊரில் ‘விசா காசு’ என்று லட்சக்கணக்கில் பேசுவார்கள். நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கிக் கொடுப்பார்கள். ‘ஃப்ரீ விசா’ என்று ஒரு வார்த்தை வேறு இருக்கிறது. பெயர்தான் ஃப்ரீ! பெயருக்கு ஒரு ஸ்பான்சரைக் காட்டி, வெளியே எங்கு வேண்டுமானாலும் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி விலைக்கு விற்கிற விசா அது. மாட்டிக்கொண்டால் தண்டனை வேலைக்குப் போனவருக்கு.

இதைக் கங்காணி காலத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஒன்றுதான். அன்றைக்குக் கடன் கணக்கு தோட்டத்தில் இருந்தது, இன்றைக்கு அது சொந்த ஊரிலேயே இருக்கிறது. முதல் வருடச் சம்பளம் போகிற இடம் அப்போதும் கடன்தான், இப்போதும் கடன்தான். 1907-ல் மலாயாவில் முதலாளிகள் கட்ட முடிந்த செலவை, 100 வருடத்துக்குப் பிறகும் தொழிலாளியே கட்டிக்கொண்டிருக்கிறார்.

இடையில் நிற்கிறவரின் பங்கு எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதற்குச் சமீபத்திய உதாரணம் இலங்கை. 2024 ஏப்ரலில் அந்நாட்டு ஆன்லைன் விசா வேலையைத் தனியார் நிறுவனங்களின் கூட்டிடம் ஒப்படைத்தார்கள். அரசுக் கட்டணத்தோடு தனியாகச் சேவைக் கட்டணம் சேர்ந்தது. சொந்த ஊருக்கு வந்துபோகிற, வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களும் அதைக் கட்ட வேண்டியிருந்தது. விவகாரம் நீதிமன்றம் போய், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தியது. பழைய முறை திரும்ப வந்தது.

கங்காணியின் முன்பணம், தகர டிக்கெட், டிடி, கார்டு என்று கருவி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு காலத்திலும் மலிவாகத் தெரிந்த வழி, அந்த நேரத்தில் கையிலிருந்து காசு போகாத வழி. கணக்குப் பார்த்தால் உண்மையிலேயே மலிவாக இருந்தவை வேறு: மலாயா நிதி, ரூபாயில் நேரடியாகக் கட்டும் முறை, கூடுதல் பிடிக்காத கார்டு. இவற்றில் இடையில் நின்று எடுத்துக்கொள்கிறவர் இல்லை, அல்லது அவர் எடுக்கும் தொகை முன்கூட்டியே தெரிந்திருந்தது.

எனவே மங்களூரிலிருந்து விண்ணப்பிக்கிறவர், கட்டணம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் வேறு நான்கைப் பார்ப்பது நல்லது. இதைக் கட்ட வேண்டியது தானா, முதலாளியா? எந்த நாணயத்தில் கேட்கிறார்கள்? இடையில் யார், எத்தனை சதவீதம் எடுக்கிறார்கள்? கடைசியில் ரசீது யார் பெயரில் வரும்? நான்காவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் மழுப்புகிற எந்த வழியும், எவ்வளவு குறைவாகச் சொன்னாலும், மலிவான வழி அல்ல.